துக்கம் ஏன் ஆறுகிறது? ஸ்டோயிக் சிந்தனை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சாவு வீட்டில் ‘நாளானால் எல்லாம் சரியாகிவிடும்’ என்று யாராவது ஒருவர் சொல்லாமல் போவதில்லை. பெரும்பாலும் அது பலித்தும் விடுகிறது. ஏன் பலிக்கிறது என்று மட்டும் நாம் கேட்பதில்லை. சுமார் 2,200 ஆண்டுகளுக்கு முன்னால் ஏதென்ஸில் கிரைசிப்பஸ் என்பவர் அதைக் கேட்டார். என் அப்பா இறந்த வருஷம் அந்தக் கேள்விதான் எனக்குத் துணையாக இருந்தது. அதன் பிறகு நண்பர்களும் உறவினர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டவற்றைப் பதிலோடு இங்கே எழுதிவைக்கிறேன்.

ஸ்டோயிக்குகள் என்றால் யார்?

சைப்ரஸ் தீவில் கிட்டியம் என்ற ஊரைச் சேர்ந்த ஜீனோ, கி.மு. 300 வாக்கில் ஏதென்ஸ் சந்தைத் திடலை ஒட்டி இருந்த ஓவிய மண்டபத்தில் பாடம் சொல்ல ஆரம்பித்தார். அந்த மாதிரித் தூண் மண்டபத்துக்குக் கிரேக்கத்தில் ‘ஸ்டோவா’ என்று பெயர். அங்கே கூடியவர்கள் ஸ்டோயிக்குகள் ஆனார்கள். ஜீனோவுக்கு அப்புறம் கிளியாந்தஸ் தலைவர் ஆனார். இரவெல்லாம் தோட்டங்களுக்குத் தண்ணீர் இறைத்துக் கூலி வாங்கி, பகலில் படித்தவர் அவர். மூன்றாவதாக வந்தவர்தான் கிரைசிப்பஸ். எழுநூறுக்கு மேல் நூல்கள் எழுதியதாகச் சொல்கிறார்கள். ஒன்றுகூட முழுசாக மிஞ்சவில்லை.

உணர்ச்சிகளைப் பற்றி அவர் நான்கு பாகங்களில் ஒரு நூல் எழுதினார். அதில் இன்று நம் கையில் இருப்பது, அவர் காலமாகி முந்நூறு வருஷத்துக்கும் மேல் கழித்து வந்த மருத்துவர் கேலன் எடுத்துக்காட்டிய துண்டுகள். கேலன் அவற்றை எடுத்துக்காட்டியது பாராட்ட அல்ல, வரிக்கு வரி மறுக்க. எதிராளியின் புத்தகத்துக்குள் ஒருவருடைய சிந்தனை பிழைத்திருப்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெகிழ்ச்சியாக இருக்கும்.

ரோமாபுரியில் செனகா, எபிக்டெட்டஸ், பேரரசர் மார்கஸ் அரேலியஸ் ஆகியோர் இந்த வழியில் வந்தவர்கள். ரோமானியப் பேச்சாளரும் எழுத்தாளருமான சிசரோ ஸ்டோயிக் அல்ல. ஆனாலும் அவர் எழுதிவைத்தது இல்லையென்றால் இந்தப் பக்கத்தில் பாதியை எழுத முடியாது.

‘உணர்ச்சி என்பது ஒரு தீர்ப்பு’ என்கிறார்களே, அதற்கு என்ன அர்த்தம்?

ஜீனோ இதைக் கையாலேயே காட்டுவாராம். சிசரோ எழுதியிருக்கிறார். முதலில் விரல்களை நீட்டி, உள்ளங்கையை விரித்துக் காட்டுவார்: இது மனத்தில் வந்து விழும் தோற்றம். விரல்களைக் கொஞ்சம் மடக்குவார்: இது அந்தத் தோற்றத்துக்கு ‘ஆமாம்’ என்று நாம் கொடுக்கும் ஒப்புதல். கையை இறுக்கி முஷ்டி ஆக்குவார்: இது உறுதியான பிடிப்பு. கடைசியாக இடது கையால் அந்த முஷ்டியை அழுத்திப் பிடிப்பார்: இது அறிவு, இது ஞானிக்கு மட்டும்தான் உண்டு.

நமக்கு வேண்டியது முதல் இரண்டு நிலைகள். தோற்றம் தானாக வருகிறது. அதைத் தடுக்க முடியாது. ஒப்புதல் நாம் கொடுப்பது. விரிந்த கை மடங்குவதற்குள் ஒரு சின்ன இடைவெளி இருக்கிறது. ஸ்டோயிக்குகள் சொன்னதெல்லாம் அந்த இடைவெளியை வைத்துத்தான்.

இதைத் துக்கத்துக்குப் பொருத்திப் பாருங்கள். துக்கம் வருவதற்கு இரண்டு ஒப்புதல்கள் வேண்டும் என்கிறார் கிரைசிப்பஸ். ஒன்று, ‘எனக்கு ஒரு கேடு நேர்ந்துவிட்டது.’ இன்னொன்று, ‘இதற்காக நான் இடிந்துபோவதுதான் முறை.’ இரண்டும் சேர்ந்தால்தான் நெஞ்சு ஒடுங்குகிறது. ஒடுங்குவது என்று அவர்கள் சொன்னது வெறும் உவமை அல்ல. உயிர் என்பது உடம்பெங்கும் பரவியிருக்கும் ஒருவகை மூச்சு என்றும், அதன் தலைமையிடம் இதயம் என்றும் நம்பியவர்கள் அவர்கள். அந்த மூச்சு மெய்யாகவே சுருங்குகிறது, துக்கத்தில் ‘நெஞ்சை அடைக்கிறது’ என்று நாம் சொல்கிறோமே, அதேதான். மனம் மூளையில் இருக்கிறது என்பது கேலனுக்குத் தெரியும்; அந்த விஷயத்தில் ஜெயித்தவர் கேலன்தான்.

மொத்தம் நான்கு பெரிய உணர்ச்சிகளை வைத்தார்கள். இப்போது கையில் இருப்பது நல்லது என்று நினைத்தால் களிப்பு, கெட்டது என்று நினைத்தால் துக்கம். இனி வரப்போவது நல்லது என்று நினைத்தால் ஆசை, கெட்டது என்றால் பயம். மற்றதெல்லாம் இந்த நான்கின் கிளைகள்.

திடுக்கிடுவதும் முகம் வெளுப்பதும் தானாக நடக்கிறதே, அதில் தீர்ப்பு எங்கே வந்தது?

இந்தக் கேள்வி அவர்களிடமும் வந்தது. வந்த இடம் நடுக்கடல்.

அவுலஸ் ஜெல்லியஸ் என்ற ரோமானியர் கிரேக்கத்திலிருந்து இத்தாலிக்குக் கப்பலில் போய்க்கொண்டிருந்தார். இரவில் பெரும்புயல் அடித்து, கப்பலுக்குள் தண்ணீர் ஏறியது. பயணிகளில் பேர்பெற்ற ஸ்டோயிக் ஒருவர் இருந்தார். ஜெல்லியஸ் அந்த ஆபத்திலும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முகமும் மற்றவர்கள் முகம் மாதிரியே வெளுத்திருந்தது. அவர் அலறவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். கடல் அடங்கியதும், பணக்காரப் பயணி ஒருவன் வந்து, ‘நானே பயப்படவில்லை, நீர் தத்துவவாதி, உமக்கு எப்படி முகம் வெளுத்தது?’ என்று குத்திக்காட்டினான். அவனை ஒரு வார்த்தையில் அடக்கி அனுப்பிவிட்டார். அப்புறம் ஜெல்லியஸ் மரியாதையாகப் போய் அதையே கேட்டபோது, தன் பையிலிருந்து ஒரு சுவடியை எடுத்துக் கொடுத்தார். அது எபிக்டெட்டஸின் உரைகளில் ஐந்தாம் புத்தகம். இன்று நமக்குக் கிடைப்பது முதல் நான்குதான். ஐந்தாவதில் என்ன இருந்தது என்பதில் ஒரு துளி, அந்தக் கப்பல் பயணத்தால் தப்பித்திருக்கிறது.

அதில் இருந்தது இதுதான்: வானத்தில் இடி முழங்கினாலோ எதுவோ சடசடவென்று இடிந்து விழுந்தாலோ ஞானியின் மனமும் ஒரு கணம் அசையும், முகமும் வெளுக்கும். அறிவு வேலை செய்வதற்கு முன்னால் நடப்பது அது. ஆனால் ‘இது மெய்யாகவே பயங்கரம்’ என்று அவர் ஒப்புக்கொள்வதில்லை. மற்றவர்கள் ஒப்புக்கொண்டுவிடுகிறார்கள்.

செனகா இதற்கு அன்றாட உதாரணங்கள் தருகிறார். மேலே குளிர்ந்த தண்ணீர் தெளித்தால் சிலிர்ப்பது, உயரத்திலிருந்து கீழே பார்த்தால் தலை சுற்றுவது, கெட்ட செய்தி கேட்டால் மயிர் கூச்செறிவது. இவை உணர்ச்சியின் முன்னோட்டங்கள், உணர்ச்சி ஆகவில்லை. அப்பா போய்விட்டார் என்று போனில் கேட்டபோது எனக்குக் கால் துவண்டது. ஸ்டோயிக் கணக்கில் அதில் தப்பும் இல்லை, தீர்ப்பும் இல்லை. எனக்கு அது பெரிய ஆறுதல்.

துக்கம் தீர்ப்பு என்றால், தீர்ப்பு மாறாதபோது துக்கம் எப்படிக் குறைகிறது?

இந்தப் பக்கத்தை எழுத உட்கார்ந்ததே இந்தக் கேள்விக்காகத்தான்.

சிக்கலை நன்றாகப் பாருங்கள். மூன்று வருஷத்துக்கு முன் அப்பா இறந்தது எனக்குப் பெரிய இழப்பு என்று அன்று நினைத்தேன். இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன், அதில் அணுவளவும் மாற்றம் இல்லை. ஆனால் அன்று சோறு இறங்கவில்லை. இன்று அவரைப் பற்றிப் பேசிக்கொண்டே சாப்பிடுகிறேன். தீர்ப்புதான் துக்கம் என்றால், தீர்ப்பு அப்படியே இருக்க, துக்கம் மட்டும் எங்கே போனது?

தன் கொள்கையையே கவிழ்க்கக்கூடிய இந்தக் கேள்வியை கிரைசிப்பஸ் தானே எழுப்பினார். யாரும் அவரைக் கட்டாயப்படுத்தவில்லை. துக்கம் தணிவது ஏதாவது ஒரு கருத்து மாறுவதாலா, எல்லாக் கருத்தும் நிலைத்திருக்கும்போதேவா என்று கேட்டு, அவர் சொன்ன பதிலின் சாரம் இது: நேர்ந்தது கேடுதான் என்ற கருத்து நிலைத்திருக்கிறது என்றே எனக்குத் தோன்றுகிறது. ஆனால் அது பழசாகப் பழசாக ஒடுக்கம் தளர்கிறது. ஒடுங்க வேண்டும் என்ற உந்துதலும் தளர்கிறது என்று நினைக்கிறேன்.

அதோடு நிறுத்தவில்லை. ஒருவேளை உந்துதல் அப்படியே இருந்து, வேறொரு நிலை வந்து குறுக்கிடுவதால் அழுகை மட்டும் வராமல் போகலாம். அது எப்படி என்று கணித்துச் சொல்வது கடினம் என்றும் சேர்த்துக்கொண்டார். மனிதர்கள் அழுவதை நிறுத்துவதும், அழ விரும்பாதபோது அழுவதும் இப்படித்தான், கண்முன் இருப்பவை வெவ்வேறு தோற்றங்களை எழுப்புவதால், என்றார்.

இந்தக் கடைசி வரிதான் என்னைப் பிடித்துக்கொண்டது. சுடுகாட்டில் நான் அழவில்லை. ஏன் என்று எனக்கே புரியவில்லை. ஒன்றரை மாதம் கழித்து அப்பா பெயருக்கு ஒரு தபால் வந்தது. கண்ணாடிக் கடையிலிருந்து, கண் பரிசோதனைக்கு வரச் சொல்லி நினைவூட்டும் ஒரு சாதாரண அட்டை. பெயருக்கு முன்னால் ‘திரு’ என்று போட்டிருந்தது. தபால்காரர் திரும்பிப் போகும் வரைகூடத் தாங்கவில்லை, கேட்டிலேயே நின்று அழுதேன். இழப்பைப் பற்றிய என் கருத்து சுடுகாட்டிலும் கேட்டிலும் ஒன்றுதான். மாறியது கண்ணுக்கு முன்னால் வந்த தோற்றம்.

அந்த ‘பழசாகப் பழசாக’ என்பதில் என்ன விளக்கம் இருக்கிறது? காலம் போனால் ஆறும் என்று எல்லோரும் சொல்வதுதானே?

மேலோட்டமாகப் பார்த்தால் அப்படித்தான் தெரியும். ஆனால் ஸ்டோயிக்குகள் துக்கத்துக்குத் தந்த இலக்கணத்திலேயே ஒரு சொல் இருக்கிறது. துக்கம் என்பது கேடு நேர்ந்துவிட்டது என்ற ‘ப்ரோஸ்பாத்தோஸ்’ கருத்து என்றார்கள். அப்போதுதான் வெட்டின இறைச்சி, அப்போதுதான் செத்த உடல், இவற்றுக்குக் கிரேக்கத்தில் வழங்கிய சொல் அது. சிசரோ அதை லத்தீனில் விளக்கும்போது, அந்தக் கேட்டில் வீரியமும் ஒருவிதப் பசுமையும் இருக்கும் வரை அதைப் புதியது என்றே சொல்ல வேண்டும், எத்தனை நாள் ஆனது என்பது கணக்கில்லை என்கிறார்.

தமிழில் இதற்குப் பாடம் நடத்தவே வேண்டாம். நாம் ‘பச்சைப் புண்’ என்கிறோம், ‘பச்சை ரணம்’ என்கிறோம், குழந்தை பெற்றவளைப் ‘பச்சை உடம்பு’ என்கிறோம். சிசரோ சொன்ன பசுமையும், கிரேக்கர் சொன்ன பச்சை இறைச்சியும் நம் மொழியில் ஒரே சொல்லாக இருக்கின்றன. சில புண் மூன்றே நாளில் காய்ந்துவிடும். சிலது சொறியச் சொறியப் பச்சையாகவே இருக்கும்.

சிசரோ காட்டும் உதாரணம் அர்த்தமீசியா. இன்றைய துருக்கியில் போத்ரம் என்று வழங்கும் ஹலிகர்னாசஸின் அரசன் மௌசோலஸின் மனைவி. அவன் கி.மு. 353இல் இறந்தபோது அவனுக்கு எழுப்பிய கல்லறைதான் பண்டைய உலக அதிசயங்களில் ஒன்றாக எண்ணப்பட்டது. அர்த்தமீசியா உயிரோடு இருந்த வரை துக்கத்திலேயே இருந்து, அதிலேயே உருகிப் போனாள். அவளுக்கு அந்தக் கருத்து தினமும் புதியது என்கிறார் சிசரோ. ஒவ்வொரு நாள் காலையிலும் புருஷன் அன்றுதான் செத்தான். நாட்கள் போயின, பச்சை போகவில்லை. ஆக, துக்கத்தை ஆற்றுவது காலம் என்றால் அர்த்தமீசியாவுக்கும் ஆறியிருக்க வேண்டும். கருத்து காய வேண்டும். பெரும்பாலானவர்களுக்கு நாள் போவதும் கருத்து காய்வதும் சேர்ந்தே நடப்பதால் இரண்டும் ஒன்று என்று நினைத்துவிடுகிறோம்.

கிரைசிப்பஸின் பதிலை எல்லோரும் ஏற்றுக்கொண்டார்களா?

இல்லை. அவருடைய சொந்தப் பள்ளியிலேயே பொசிடோனியஸ் மறுத்தார். சிரியாவில் அபமேயாவில் பிறந்து ரோட்ஸ் தீவில் பாடம் சொன்னவர், கி.மு. முதல் நூற்றாண்டில் கிரேக்க உலகின் பெரிய அறிஞர்களில் ஒருவர். கேடு என்ற கருத்து அதேதான் என்றால், புதிதாக இருக்கும்போது நெஞ்சை ஒடுக்குவதும் பழசானால் ஒடுக்காமல் போவதும் எதனால் என்று அவர் கேட்டார். காரணம் சொல்லாமல் ‘பழசு’ என்று பெயர் மட்டும் வைத்தால் போதுமா என்பது அவர் குறை. மனத்தில் அறிவுக்கு அப்பாற்பட்ட சக்திகள் இருக்கின்றன, அவை குலுங்கிக் குலுங்கித் திகட்டிப்போய்க் களைத்துவிடுகின்றன, அதனால்தான் துக்கம் தணிகிறது என்பது அவருடைய பதில்.

அழுது அழுது ஓய்ந்து தூங்கிப்போன குழந்தையைப் பார்த்தவர்களுக்கு இதில் உண்மை இல்லை என்று சொல்ல மனசு வராது. எனக்கும் வரவில்லை. ஆனால் களைப்பு ஒன்றுதான் காரணம் என்றால் எல்லோரும் ஏறக்குறைய ஒரே மாதிரிக் களைக்க வேண்டும். செனகா ஒரு விஷயத்தைக் கவனிக்கிறார்: கன்றை இழந்த பசுவின் கதறல் ஒன்றிரண்டு நாளில் அடங்கிவிடுகிறது, மனிதன் மட்டும் வருஷக்கணக்கில் துக்கம் காக்கிறான். காரணம், தான் உணர்வதற்காக மட்டும் அவன் அழுவதில்லை. எவ்வளவு அழ வேண்டும் என்று தீர்மானித்திருக்கிறானோ அவ்வளவு அழுகிறான். இந்த இடத்தில் நான் கிரைசிப்பஸ் பக்கம்.

அந்த இரண்டாவது ஒப்புதல், ‘அழுவதுதான் முறை’ என்பது மெய்யாகவே மனத்தில் இருக்கிறதா?

அப்பாவின் பதினோராம் நாள். கூடத்தில் உறவுக்காரர்கள் எல்லாம் உட்கார்ந்திருந்தார்கள். என் அண்ணன் மகளுக்கு அப்போது மூன்று வயது. வாசலில் கிடந்த தாத்தாவின் செருப்பை மாட்டிக்கொண்டு, அவர் மாதிரியே இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, சரக் சரக்கென்று கூடத்தின் நடுவில் நடந்து வந்தாள். நான் சிரித்துவிட்டேன். அடுத்த நொடியே வாயை மூடிக்கொண்டு, யார் பார்த்தார்கள் என்று சுற்றிப் பார்த்தேன். அத்தை குழந்தையின் தோளில் ஒரு தட்டுத் தட்டி உள்ளே இழுத்துப் போனார். குழந்தை அழுதது. கூடம் பழையபடி ஆயிற்று.

சிசரோவைப் பிற்பாடு படித்தபோது இந்தக் காட்சி அப்படியே அங்கே இருந்தது. துக்கத்தில் இருப்பவர்கள் தம்மை மறந்து கொஞ்சம் கலகலப்பாகப் பேசிவிட்டால், சட்டென்று தங்களைத் துக்கத்துக்குத் திருப்பி இழுத்துக்கொள்கிறார்கள், இடையில் விட்டதற்காகத் தங்களையே குற்றம் சொல்லிக்கொள்கிறார்கள் என்கிறார். வீட்டில் இழவு விழுந்திருக்கும்போது பிள்ளைகள் விளையாட்டாக ஏதாவது சொன்னாலோ செய்தாலோ, தாய்மாரும் ஆசிரியர்களும் திட்டுவதோடு நிற்காமல் அடித்து அழவைப்பார்களாம். நம் வீட்டுக் கூடத்துக்கும் அவர்கள் வீட்டுக் கூடத்துக்கும் நடுவில் இரண்டாயிரம் வருஷம்.

அவர் சொல்லும் இன்னொரு சம்பவம் கி.மு. 48இல் நடந்தது. பாம்பே என்ற ரோமானியத் தளபதி எகிப்துக் கரையில் வெட்டிக் கொல்லப்பட்டதைக் கப்பலில் இருந்தவர்கள் கண்ணாலேயே பார்த்தார்கள். சுற்றிலும் பகைவர் கப்பல்கள். அந்தக் கணத்தில் யாரும் அழவில்லை. ‘வேகமாகத் துடுப்புப் போடு’ என்று கத்தித் தப்பி ஓடுவதிலேயே குறியாக இருந்தார்கள். டயர் துறைமுகத்தை அடைந்த அப்புறம்தான் தலையில் அடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தார்கள். பயத்தால் துக்கத்தைத் தள்ளிப்போட முடிந்தது என்றால், அது முழுக்க நம் கையை மீறியது இல்லையே என்பது சிசரோவின் வாதம். துக்கப்படுகிறவரிடமிருந்து முதலில் எடுக்க வேண்டியது ‘நான் ஒரு கடமையைச் செய்துகொண்டிருக்கிறேன்’ என்ற எண்ணத்தைத்தான் என்று கிரைசிப்பஸ் கருதியதற்கும் இதுவே காரணம்.

இறந்தவரை நினைத்து அழுகை வராமல் போவது துரோகம் மாதிரி இருக்கிறதே?

இந்தக் கேள்வியைக் கேட்டவர்கள் எல்லோரும் குரலைத் தாழ்த்திக்கொண்டுதான் கேட்டார்கள். நானும் ஒருகாலத்தில் அப்படித்தான் கேட்டேன்.

செனகா மார்சியா என்ற பெண்மணிக்கு எழுதியதில் இதற்குப் பதில் இருக்கிறது. அவருடைய மகன் இறந்து மூன்று வருஷம் ஓடிவிட்டது, துக்கம் முதல் நாள் வேகத்திலேயே இருந்தது. உங்கள் துக்கம் நெடுநாள் தங்கித் தங்கியே உரிமை வாங்கிக்கொண்டுவிட்டது, இனி நிறுத்துவது கேவலம் என்று நினைக்கும் நிலைக்கு வந்துவிட்டது என்கிறார். அப்புறம் இரண்டு தாய்மாரைக் காட்டுகிறார், இருவரும் ரோமாபுரியின் முதல் பேரரசர் அகஸ்டஸின் குடும்பத்தவர்கள்.

அகஸ்டஸின் அக்காள் ஒக்தாவியா, மகன் மார்செல்லஸைப் பறிகொடுத்தவள். சாகும் வரை அழுதாள். ஆனால் அவனுடைய ஒரு சிலை, ஒரு படம்கூட வைத்துக்கொள்ளவில்லை. அவன் பெயரைத் தன் காதுபட யாரும் சொல்லக் கூடாது. பிள்ளை பெற்ற தாய்மார்மேலெல்லாம் அவளுக்கு வெறுப்பு. அகஸ்டஸின் மனைவி லிவியாவும் மகன் துரூசஸை இழந்தாள். சவ ஊர்வலத்தோடு நீண்ட தூரம் போனாள், வழியெல்லாம் எரிந்த சிதைகள் ஒவ்வொன்றும் அவளை வாட்டின. ஆனால் அவனைக் கல்லறையில் வைத்தபோதே துக்கத்தையும் அங்கே வைத்துவிட்டாள். அதன் பின் வீட்டிலும் வெளியிலும் எங்கும் அவன் உருவம், வாய் நிறைய அவன் பெயர், அவனைப் பற்றிக் கேட்பதில் அவ்வளவு ஆசை.

இவர்களில் மகனை வைத்துக்கொண்டது யார்? துக்கத்தை விடாதவளுக்கு மகனின் பெயர்கூட மிஞ்சவில்லை. இதைப் படித்த அன்று மாலை பீரோவிலிருந்து அப்பாவின் போட்டோவை எடுத்துச் சுவரில் மாட்டினேன். அதுவரை பார்க்கத் தெம்பில்லாமல் துணிக்கு அடியில் வைத்திருந்தேன்.

கோபமும் இப்படித்தான் தணிகிறதா?

அடிப்படை ஒன்றுதான், வேகம் வேறு. செனகா கோபத்தை மூன்று அசைவாகப் பிரிக்கிறார். முதலாவது தானாக வரும் சுறுக்கென்ற உறைப்பு. இரண்டாவது ‘எனக்குக் கெடுதல் செய்தவனுக்குத் திருப்பிக் கொடுப்பது நியாயம்’ என்ற ஒப்புதல். மூன்றாவது, நியாயமோ இல்லையோ பழிவாங்கியே தீருவேன் என்று அறிவை மீறி ஓடுவது. கிரைசிப்பஸ் இதற்கு நடப்பவனையும் ஓடுபவனையும் சொன்னார்: நடப்பவன் நினைத்த இடத்தில் நின்றுவிடுவான், ஓடுபவனுக்குக் கால் நிற்காது. அதனால் ஓட்டம் தொடங்கிய பின் வாதாடுவதில் பயன் இல்லை. தாமதம்தான் கோபத்துக்குப் பெரிய மருந்து என்பது செனகாவின் முடிவு. தோற்றத்தைப் பார்த்து, ‘கொஞ்சம் பொறு, நீ யார், எதைப் பற்றி வந்திருக்கிறாய் என்று பார்க்கிறேன்’ என்று சொல்லச் சொல்கிறார் எபிக்டெட்டஸ். மொட்டைக் கடுதாசி மாதிரி ஒரு செய்தி போனில் வந்தால் உடனே பதில் அடிக்காமல் போனைக் கவிழ்த்து வைப்பேன். காலையில் எடுத்துப் பார்த்தால் அதே வார்த்தைகள்தான் இருக்கும், ஆனால் பச்சை போயிருக்கும்.

இப்போதுதான் ஒருவரை இழந்தவரிடம் இதையெல்லாம் சொல்லலாமா?

தயவுசெய்து வேண்டாம். இதைக் கிரைசிப்பஸே தடுத்திருக்கிறார். மனத்தின் வீக்கம் புதிதாக இருக்கும்போது மருந்து போடக் கூடாது என்பது அவர் விதி. செனகா நாடு கடத்தப்பட்டு கோர்சிகா தீவில் இருந்தபோது தன் தாய் ஹெல்வியாவுக்கு ஆறுதல் எழுத நினைத்தும் உடனே எழுதவில்லை. நோயில்கூட அவசரப்பட்டுக் கொடுக்கும் மருந்துதான் அதிகம் கெடுக்கும் என்று காத்திருந்ததாக எழுதுகிறார்.

விதியை மீறியவர் சிசரோ. கி.மு. 45 பிப்ரவரியில் மகள் துல்லியா இறந்ததும், அஸ்தூராவில் கடலோரத் தோட்ட வீட்டில் ஒதுங்கி, காலையில் காட்டுக்குள் போனால் மாலை வரை வெளியே வராமல் இருந்தார். தனக்குத் தானே ஓர் ஆறுதல் நூல் எழுதிக்கொண்டார். கிரைசிப்பஸ் கூடாது என்று சொன்னதை நான் செய்தேன், புதிய வீக்கத்துக்கே மருந்து போட்டேன் என்று பிற்பாடு ஒப்புக்கொள்கிறார். அவர் போட்டுக்கொண்டது தன் புண்ணுக்கு. அடுத்தவர் புண்ணில் கைவைக்க நமக்கு அந்த உரிமை இல்லை.

அப்போது என்னதான் செய்வது? அழுகிறவரைப் பார்த்தால் பேச்சால் துணை நில், வேண்டுமானால் அவரோடு சேர்ந்து விம்மு, உள்ளுக்குள் மட்டும் உடைந்துபோகாதே என்கிறார் எபிக்டெட்டஸ். நம் ஊர் வழக்கத்தில் சொன்னால், போய்ப் பக்கத்தில் உட்காருங்கள். சாப்பாடு கொண்டுபோங்கள். தத்துவத்தை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போங்கள்.

நடக்கப்போவதை முன்கூட்டியே நினைத்துப் பார்த்தால் வலி குறையுமா?

குறையும் என்றுதான் அவர்கள் நினைத்தார்கள். தத்துவவாதி அனாக்சகோரஸிடம் மகன் இறந்த செய்தியைச் சொன்னபோது, ‘சாகப் பிறந்தவனைத்தான் பெற்றேன் என்று எனக்குத் தெரியும்’ என்றாராம். அவர் ஸ்டோயிக்குகளுக்கு முந்தியவர், ஆனால் இந்தக் கதையை இவர்கள் விடாமல் சொன்னார்கள். வரப்போகும் இடத்தில் முன்கூட்டியே கொஞ்சம் குடியிருந்து பழகு என்பது பொசிடோனியஸின் யோசனை. திடீரென்று வருவதுதான் அதிகம் பச்சையாக இருக்கிறது. மனம் முன்பே போய்வந்த இடம் என்றால் பாதி காய்ந்தே வந்து சேரும்.

எனக்கு இதில் ஒரு தயக்கம் உண்டு. ஏற்கெனவே பயந்த சுபாவம் உள்ளவர்கள் இதைச் செய்தால் நல்ல நாளையும் சேர்த்துக் கெடுத்துக்கொள்வார்கள். தூக்கம் கெடும் அளவுக்குப் போகிறது என்றால் இந்தப் பயிற்சி உங்களுக்கு ஏற்றது இல்லை, விட்டுவிடுங்கள்.

உணர்ச்சியே இல்லாத கல்லாக ஆகச் சொல்கிறார்களா?

இல்லை. தவறான தீர்ப்பில் பிறக்கும் வேகத்தைத்தான் விடச் சொன்னார்கள். சரியான தீர்ப்பிலும் உணர்வு பிறக்கும்: களிப்புக்குப் பதில் மகிழ்ச்சி, ஆசைக்குப் பதில் நல்விருப்பம், பயத்துக்குப் பதில் எச்சரிக்கை. துக்கத்துக்கு மட்டும் அப்படி ஒரு நல்ல வடிவத்தை அவர்கள் வைக்கவில்லை, ஏனென்றால் அவர்கள் கணக்கில் ஞானிக்கு மெய்யான கேடு எதுவும் நேர முடியாது. இந்த ஒரு இடத்தில் என்னால் அவர்களோடு போக முடியவில்லை. அப்பாவின் சாவு கேடு இல்லை என்று எந்த ஏட்டில் எழுதியிருந்தாலும் என் வாய் அதற்கு ஒப்புதல் தராது. கிரைசிப்பஸின் நல்ல குணம், அப்படிப்பட்டவர்களையும் அவர் கைவிடவில்லை. வேகம் கொதிக்கும் நேரத்தில், ஒருவன் எதை நல்லது கெட்டது என்று நம்புகிறான் என்ற வழக்கை எடுக்காதே, அவன் நம்பிக்கையில் நின்றே அவன் வலியைக் குறைக்க வழி பார் என்றார். முதல் ஒப்புதலை நான் வைத்துக்கொள்கிறேன். இரண்டாவதைத் தளர விட்டேன். அதற்கு இடம் கொடுத்தவர் அவர்.

இன்றைய மனநல சிகிச்சைக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

உண்டு. எண்ணங்களைப் பரிசோதித்து உணர்ச்சியைச் சீராக்கும் சிகிச்சை முறைகளை இருபதாம் நூற்றாண்டில் உருவாக்கிய அமெரிக்கர்கள் ஆல்பர்ட் எல்லிஸும் ஆரோன் பெக்கும் ஸ்டோயிக்குகளுக்குத் தாங்கள் பட்ட கடனை வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார்கள். மனிதர்களைக் கலக்குவது நிகழ்ச்சிகள் அல்ல, அவற்றைப் பற்றிய தீர்ப்புகள் என்ற எபிக்டெட்டஸின் வரி எல்லிஸுக்கு மிகவும் பிடித்தது. ஆனால் மாதக்கணக்கில் எழுந்து நடமாட முடியாத துக்கம் என்றால் மருத்துவரிடம்தான் போக வேண்டும். இந்தப் பக்கம் அதற்கு ஈடு ஆகாது.

இவ்வளவு எழுதியவர்கள் தாங்கள் அழவில்லையா?

அழுதார்கள். செனகா, தோழன் ஃபிளாக்கஸைப் பறிகொடுத்த லூசிலியஸுக்கு ஒரு கடிதம் எழுதினார். கண்கள் வறண்டும் இருக்க வேண்டாம், வெள்ளமாகவும் ஓட வேண்டாம், கண்ணீர் விடலாம், ஓலமிட வேண்டாம் என்று அதில் அறிவுரை சொல்கிறார். உன் துக்கத்துக்கு நீயே காவல் இருக்கிறாய், அப்படியும் அது நழுவிப் போய்விடும் என்கிறார். இறந்த நண்பர்களின் நினைவு பழைய திராட்சை மதுவின் கசப்பு மாதிரி, அந்தக் கசப்பிலேயே ஒரு சுவை இருக்கிறது என்று தன் ஆசிரியர் அத்தாலஸ் சொன்னதையும் எழுதுகிறார்.

கடிதத்தின் முடிவுப் பக்கம் வந்ததும் குரல் மாறுகிறது. இதையெல்லாம் உனக்கு எழுதுகிற நான்தான், என் அன்புக்குரிய அன்னேயஸ் செரேனஸுக்காக அளவு மீறி அழுதேன், துக்கத்திடம் தோற்றவர்களுக்கு உதாரணம் என்று என்னைக் காட்டும் அளவுக்கு அழுதேன் என்கிறார். ஏன் அப்படி அழுதேன் என்று இப்போது புரிகிறது என்கிறார். அவன் எனக்கு முன்னால் சாகக்கூடும் என்று ஒருநாளும் நினைத்ததில்லை. என்னைவிட இளையவன், மிகவும் இளையவன் என்பது மட்டுமே மனத்தில் இருந்தது, விதி ஏதோ வயது வரிசை பார்த்துக் கூப்பிடுகிற மாதிரி.